எட்டாவது தலைவன்

கம்பெனி எனக்கு அனுப்பியிருந்த வீடியோ கேம் கன்ட்ரோலரில் இடது கைக் குமிழின் மேலிருந்த ரப்பர் இரண்டே மாதத்தில் தேய்ந்துவிட்டது. சித்தி பழைய சைக்கிள் டியூபில் வட்டமாக ஒரு துண்டு வெட்டி அதன்மேல் ஒட்டினார். வேலையை விட்டபோது திருப்பி அனுப்ப வேண்டிய பொருள்கள்: மானிட்டர், ஹெட்செட், கேபிள் இரண்டு, கன்ட்ரோலர் ஒன்று. டியூப் துண்டைப் பிய்க்காமலேயே அனுப்பினேன். இடது குமிழ் நடப்பதற்கானது. அடிப்பதற்கான பொத்தான்கள் வலது பக்கம் இருந்தன. அவை கடைசிவரை புதிதாகவே இருந்தன.

பொறியியல் முடித்ததும் எனக்குக் கிடைத்த முதல் வேலை, இன்னும் வெளிவராத ஒரு வீடியோ கேமை விளையாடிப் பார்த்துப் பிழைகளைக் கண்டுபிடித்து எழுதுவது. வீட்டிலிருந்தே செய்யலாம். திருவரங்குளத்தில் எங்கள் வீட்டில் இணையம் நாளுக்கு நான்கு முறை போகும் என்பதால் கீரமங்கலத்தில் சித்தி வீட்டுக்கு வந்து தங்கினேன். சித்தி அம்மாவின் ஒரே தங்கை. என்னை அனுப்பிவைக்க அம்மாவுக்கு இன்னொரு காரணமும் இருந்தது. சித்தப்பா இறந்து பதினோரு மாதம் ஆகியிருந்தது. பிள்ளைகள் இல்லை. சித்தி அந்த வீட்டில் தனியாக இருந்தார்.

சித்தப்பா ஒரு மாலையில் ஆலங்குடியிலிருந்து பைக்கில் திரும்பும்போது ஏதோ ஒரு வண்டி இடித்துவிட்டுப் போய்விட்டது. சாலையோரம் கிடந்தவரைப் பிறகு அந்த வழியாக வந்தவர்கள்தான் பார்த்தார்கள். இடித்த பிறகு அரை மணி நேரமாவது உயிர் இருந்திருக்கும் என்று மருத்துவமனையில் சொன்னார்கள். இரண்டு தெரு தள்ளியிருந்த, தேங்காய் ஏற்றும் மினி லாரிக்காரரின் வண்டியில் மறுநாள் முன்விளக்கு உடைந்திருந்தது. மாடு குறுக்கே வந்தது என்றார் அவர். பார்த்தவர் யாரும் இல்லாததால் வழக்கு அப்படியே நின்றுபோனது. அவர் வழக்கம்போல எங்கள் தெரு வழியாகத்தான் போய்வந்தார். சித்தி அவர் பெயரைச் சொல்லி நான் கேட்டதே இல்லை. அவரைத் திட்டியும் கேட்டதில்லை. அந்த அரை மணி நேரத்தைப் பற்றி மட்டும் சில சமயம் பேசுவார். யாரிடம் என்ன சொன்னாரோ, என்ன கேட்டாரோ என்பார்.

இனி அந்த விளையாட்டு. மலை, காடு, ஆறு, இடிந்த கோட்டைகள் எல்லாம் உள்ள ஒரு கற்பனை நாடு. எங்கு வேண்டுமானாலும் போகலாம், எதை முதலில் செய்வது என்பதும் நம் விருப்பம்தான். நாயகியின் கணவனையும் அவள் ஊரையும் ஏழு தலைவர்கள் சேர்ந்து எரித்துவிடுகிறார்கள். அவளுக்குள் ஓர் ஆவி வந்து குடியேறுகிறது. அதன் துணையோடு ஏழு பேரையும் தேடிக் கொல்ல வேண்டும். ஒவ்வொரு தலைவனுக்கும் ஒரு தாள் உண்டு. பலம், பலவீனம், எதற்குப் பயம், எப்போது தனியாக இருப்பான். முதலில் அது வெறுமையாக இருக்கும். பின்தொடர்ந்தும் ஒட்டுக்கேட்டும் நாம்தான் நிரப்ப வேண்டும்.

யாருக்கும் காட்டமாட்டேன் என்று கையெழுத்துப் போட்டுத்தான் வேலையில் சேர்ந்திருந்தேன். ஆனால் ஒரே அறையில் இருந்துகொண்டு சித்தியிடமிருந்து மறைக்க முடியவில்லை, நான் பெரிதாக முயலவும் இல்லை. முதல் வாரம் என் நாற்காலிக்குப் பின்னால் நின்று பார்த்தார். இவ்வளவு பெரிய ஊரில் ஒரு டீக்கடைகூட இல்லை, பிறகு எல்லோருக்கும் கோபம் வராமல் என்ன செய்யும் என்று கேட்டார். அவர் சிரித்து அந்த வீட்டில் நான் பார்த்தது அன்றுதான். அதற்காகவே கன்ட்ரோலரை அவர் கையில் கொடுத்தேன் என்று இப்போது தோன்றுகிறது. இரண்டாவது வாரத்தில் என்னைவிட நன்றாக விளையாடினார்.

அவர் விளையாடிய விதம் வேறு. தலைவர்களைக் கொல்லவே மாட்டார். மணிக்கணக்காகப் பின்னாலேயே நடப்பார். யார் எத்தனை மணிக்கு ஆற்றுக்குப் போகிறான், எவன் சாப்பிட்டதும் தூங்குகிறான் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். அப்படி நடந்ததால் நான் காணாத பிழைகளை அவர் கண்டார். “ஏண்டி, இவன் பின்னாலயே வாரேன், நெழலு அவன் காலடியில விழுது, திரும்பிப் பாக்க மாட்டேங்குறான்” என்பார். நான் அதை ஆங்கிலத்தில் எழுதி அனுப்புவேன். அந்த மாதம் என் பெயரில் போன பிழைகளில் பாதி சித்தி கண்டவை. அலுவலகத்தில் பாராட்டினார்கள். விளையாட்டில் பார்ப்பதை அப்போதைக்கப்போதே எழுதிவைத்தால் மறக்காது என்று அவருக்கு என் குறிப்பேட்டைக் கொடுத்து, எந்தத் தலைப்பில் எதை எழுதுவது என்று சொல்லிக்கொடுத்ததும் நான்தான்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், அறிக்கை எழுத அந்தக் குறிப்பேட்டை எடுத்தேன். தலைவனுக்கு ஒரு பக்கமாக ஏழு பக்கங்கள் இருந்தன. அடுத்த பக்கத்திலும் அதே தலைப்புகளில் சித்தியின் கையெழுத்து இருந்தது.

பலம்: அண்ணன் தம்பி நாலு பேர். மச்சான் வக்கீல்.
பலவீனம்: இடது காது மந்தம்.
பயம்: நாய்.
தனியாக இருக்கும் நேரம்: புதன், சனி, மத்தியானம் மூணு மணி. தோப்பு மோட்டார் கொட்டகை.

இது எந்தத் தலைவன் என்று சில நொடிகள் நான் உண்மையாகவே யோசித்தேன். அந்த நாட்டில் மோட்டார் கொட்டகை கிடையாது என்பது பிறகுதான் உறைத்தது. சமையலறையில் சித்தி தாளித்துக்கொண்டிருந்தார். 

என்ன செய்யலாம் என்று எழுதிப் பார்த்தேன், எனக்கு அப்படித்தான் யோசிக்க வரும். ஒன்று, அம்மாவிடம் சொல்லலாம். அம்மா அப்பாவிடம் சொல்வார், பிறகு அது வீட்டுக்குள் நிற்காது. இரண்டு, அந்த மினி லாரிக்காரரை எச்சரிக்கலாம். அந்த நாலு பேரும் சித்தி வீட்டு வாசலுக்கு வருவார்கள். மூன்று, போலீஸ். நடக்காத ஒன்றை எப்படிச் சொல்வது? நான்கு, சித்தியிடமே கேட்கலாம். பதில் வந்துவிடுமே என்று அதையும் செய்யவில்லை. எழுதிய தாளைக் கிழித்து அடுப்பில் போட்டேன். மறுநாள் புதன்கிழமை, வயிற்று வலி என்று பொய் சொல்லி சித்தியை ஆலங்குடி டாக்டரிடம் என்னோடு அழைத்துப்போனேன். வரிசையில் உட்கார்ந்திருந்தபோது சித்தி இரண்டு முறை மணி பார்த்தார்.

சனிக்கிழமைக்கு என்ன பொய் சொல்வது என்று நான் முடிவு செய்வதற்குள் அலுவலகத்தில் அவசரக் கூட்டம் வைத்துவிட்டார்கள். ஹெட்செட்டைக் கழற்றும்போது மணி இரண்டு ஐம்பது. சித்தி வீட்டில் இல்லை. ஒயர் கூடை இல்லை. கொல்லைக் கதவின் பின்னால் மாட்டியிருக்கும் அரிவாளும் இல்லை. தோப்புக்குப் போகிறவர்கள் காய்ந்த தென்னை மட்டை கழிக்க அரிவாள் எடுத்துப்போவது எங்கள் ஊரில் யாரும் திரும்பிப் பார்க்காத விஷயம். சித்திக்குச் சொந்தமாகப் பத்துப் பதினைந்து தென்னைகள் உண்டு. அவற்றுக்கும் மினி லாரிக்காரரின் தோப்புக்கும் நடுவில் ஒரு வாய்க்கால்தான். நான் ஓடினேன். எதிரே வந்த பெண், என்னடி இந்த வெயிலில் என்று கேட்டதற்குச் சிரித்துவிட்டு ஓடினேன்.

வாய்க்கால் கரையில் ஏறியதும் இருவரும் தெரிந்தார்கள். மினி லாரிக்காரர் மோட்டார் கொட்டகைக்கு வெளியே தொட்டியில் குனிந்து காலைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தார். சித்தி அவருக்கு நாலடி பின்னால் நின்றார். கூடை கீழே இருந்தது. அரிவாள் கையில் இருந்தது. சித்தியின் நிழல் அவர் முதுகைத் தாண்டித் தொட்டித் தண்ணீரில் விழுந்தது. மோட்டார் சத்தத்தில் அவருக்கு எதுவும் கேட்கவில்லை. சித்தி எவ்வளவு நேரமாக அப்படி நின்றார் என்று எனக்குத் தெரியாது. சித்தி என்று கத்தினேன். மூன்றாவது முறை கத்தியபோதுதான் மினி லாரிக்காரர் திரும்பிப் பார்த்தார்.

ஒரு மனிதரின் முகம் அவ்வளவு வேகமாக வெளுத்து நான் பார்த்ததில்லை. அவர் என்னைப் பார்க்கவில்லை. சித்தியின் கையைப் பார்த்தார். ஓடவும் இல்லை, ஓட இடமும் இல்லை, பின்னால் தொட்டி.

நான் வாய்க்காலைத் தாண்டி அவர்கள் அருகே ஓடிவந்தபோதும் சித்தி குரலை உயர்த்தவில்லை. அவர் வலது காதுப் பக்கமாகத் தள்ளி நின்றுகொண்டு கேட்டார். “அவரு கடைசியா என்ன சொன்னாரு? அத மட்டும் சொல்லிடு.”

அவர் வாய் அசைந்தது. தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தது.

“நான் எறங்கவே இல்லம்மா” என்றார். “பயந்துட்டேன். எறங்கிப் பாக்கவே இல்ல.”

சித்தி அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் இரண்டடி எடுத்துவைத்து நின்றேன். இன்றும் அந்த நேரத்தை என்னால் அளந்து சொல்ல முடியவில்லை. பிறகு சித்தி அரிவாளைக் கூடைக்குள் போட்டு, கூடையை எடுத்துக்கொண்டு, என்னையும் வரச்சொல்லிக் கைகாட்டிவிட்டு நடந்தார். வாய்க்காலில் இறங்கி முகம் கழுவினார். அவர் வேறு ஏதாவது சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று கேட்டேன்.

“தெரியலடி” என்றார். “நீ கத்தாம இருந்திருந்தா என்ன ஆயிருக்கும்னும் தெரியல.”

இரண்டு பேர் காதுபட அவர் ஒப்புக்கொண்டுவிட்டார் என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் எனக்குப் புரிந்தது. போலீசில் போய்ச் சொல்லலாமே என்று சித்தியிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். அதை வைத்துக்கொண்டு என்ன செய்ய என்று கேட்டுவிட்டு அரிசி களையப் போனார். நானும் வற்புறுத்தவில்லை. சொல்வதென்றால் அந்த அரிவாளையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். எட்டாவது பக்கத்தைக் கிழித்துவிட்டேன். சித்தி அதைத் தேடவில்லை, அதன்பின் கன்ட்ரோலரைத் தொடவும் இல்லை. மினி லாரிக்காரர் பிறகு தன் தம்பி ஒருவரோடுதான் தோப்புக்குப் போனார். எங்கள் தெரு வழியாக வருவதை விட்டுவிட்டார். ஆறு மாதத்தில் நான் சென்னைக்கு வந்துவிட்டேன். இப்போது வங்கிகளுக்கான மென்பொருளைச் சோதிக்கிறேன், அதில் யாரும் யாரையும் பின்தொடர்வதில்லை. ஆனால் வேலை நேரத்தில் ஊரிலிருந்து போன் வந்தால், இன்று புதனா சனியா என்று பார்த்துவிட்டுத்தான் எடுப்பேன். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. எனக்கு மட்டுமே தெரிந்த பயம் என்றே நினைத்திருந்தேன்.

போன மாதம் ஒரு நாள், காலை பதினோரு மணிக்கு அம்மா கூப்பிட்டார். கீரமங்கலத்து மினி லாரிக்காரன் இறந்துபோனான் என்றார். எப்படி, எப்போது என்று நான் கேட்கவில்லை. “சித்தி எங்கம்மா?” என்றேன்.



“ஒனக்கும் தெரியுமாடி?” என்றார் அம்மா.

அம்மாவுக்கு எவ்வளவு தெரியும், எப்போதிலிருந்து தெரியும் என்று நான் கேட்கவில்லை. அம்மாவே குரலைத் தாழ்த்திச் சொன்னார். மினி லாரிக்காரர் தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் கிட்னி கெட்டுப் பத்து நாள் கிடந்து இறந்திருக்கிறார். அவர் படுத்தார் என்று கேள்விப்பட்ட அன்றே அம்மா போய்ச் சித்தியைத் திருவரங்குளத்துக்குக் கூட்டிவந்துவிட்டார். பத்து நாளும் கண் மறைவாக எங்கும் விடவில்லை. “இங்கிட்டுத்தான் வெங்காயம் உரிச்சுக்கிட்டு இருக்கா. இந்தா பேசு” என்றார். வேண்டாம் என்பதற்குள் போன் கை மாறிவிட்டது.

“எறங்கித்தான் பாத்திருப்பான்டி” என்றார் சித்தி. “சொல்லாமயே போயிட்டான்.”

சாப்பிட்டீர்களா சித்தி என்று கேட்டேன். இன்னும் இல்லை என்றார்.