சூசை கலந்த கறுப்புச் சாம்பல்

என்னோடு வேலை செய்த சூசை இறந்த செய்தி மூன்று நாள் கழித்தே எனக்கு வந்தது. ஈப்போ சந்தையில் மீன் வாங்கும்போது, எங்கள் பழைய கான்கிரீட் பட்டறையின் லாரி ஓட்டுநர் சொன்னார். அவருடைய ஊரான பத்து காஜாவில் அடக்கமும் முடிந்துவிட்டதாம். எனக்கு ஆள் அனுப்ப ஒருவருக்கும் தோன்றவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. நானும் சூசையும் பேசி நான்கு வருடம் என்பது பட்டறை ஆட்களான உங்களுக்கெல்லாம் தெரியும். காரணம் தெரியாது. அதற்காகவே எழுதுகிறேன்.

ஈயச் சுரங்கம் தோண்டிய நிலத்தின் அமிலத் தண்ணீர் நாங்கள் வார்த்த சிமெண்டுக் கால்வாய்களை அரித்தது. உமிச்சாம்பல் சேர்த்தால் சிமெண்டும் குறையும், அரிப்பையும் தாங்கும் என்று பட்டறையில் முதலில் சொன்னவர் சூசை. பாகான் செராய் நெல் ஆலையின் உமியைத் துளையிட்ட தார் டிரம்மில் போட்டு, தீ எழாமல் புகையவிட்டே எரிப்பார். சாம்பல் கறுத்திருக்கும். ரப்பர் தோட்டப் பள்ளியில் ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். எதையும் என் கையால் செய்து பார்த்தே நம்புவேன். கறுப்பு என்றால் அழுக்கு என்று மறுபடி கொளுத்தி, விபூதிபோல் வெளுக்க வைத்தேன்.

சூசை விரலால் தொட்டுப் பார்த்தார். "அண்ணே, இது கால்வாய்க்கா, நெத்திக்கா?"

"திருநீறப் பத்தி ஒனக்கு என்னா தெரியும்?"

"அது தெரியாது லா. ஆனா இது செத்த சாம்பல். சூடு மிஞ்சிட்டா சிமெண்டோட சேராது. கறுப்பையே போடுவோம்ணே."

நான் மூத்தவன். என் பேச்சே எடுபட்டது. மனமில்லாமல்தான் அவர் கலந்தார்.

சோதனை நாளில், அந்தக் கலவையில் வார்த்த கட்டிகள் அதிகாரிகள் கண்முன்னே நொறுங்கின. கலந்தது யார் என்று கேட்டார்கள். நான் வாய் திறக்கவில்லை.

"சாயா, துவான்," என்றார் சூசை மலாயில். நான்தான், ஐயா.

சாம்பல் கலவை அன்றோடு நின்றது. திரும்பும் வழியில், "ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ணே," என்றார். அதற்கும் கோபப்பட்டேன். அவர் அந்த மாதமே வேலையை விட்டார்.

செய்தி கேட்ட மறுநாள் அவர் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி பின்பக்கம் அழைத்துப்போனார். வேலையை விட்ட பிறகு, கறுப்புச் சாம்பல் கலந்து அவரே வார்த்த கால்வாய் அங்கே இருந்தது. பக்கத்து வீட்டுக் கால்வாயில் சிமெண்டு கரைந்து கல் பல்லிளித்தது. இவருடையதில் விளிம்புகூட மழுங்கவில்லை.

"யாராச்சும் வந்து பாப்பாங்கன்னு இருந்தாரு," என்றார் அந்த அம்மா. "நீங்கதான் மொத ஆளு."

அவர் நினைவாக நான் வைத்துக்கொள்வது, என் பெயரைச் சொல்லாமல் அவர் சுமந்த அந்தப் பழி. அது என்னுடையது.