மூன்று அம்புகள் போட்ட கவர்

1999 நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாலை நான்கு மணிக்கு நியூவர்க் விமான நிலையத்தில் இறங்கினேன். அண்ணன் மகன் முரளி காரோடு வந்திருந்தான். அங்கிருந்து ஜெர்சி சிட்டி பத்து மைல்கூட இல்லை. ஈரோட்டிலிருந்து பவானிக்குப் போகிற தூரம்தான். வழியெல்லாம் தூறல், இலை கொட்டிய மரங்கள். அமெரிக்கா இப்படி அழுது வடியும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

முரளிக்கு மன்ஹாட்டனில் ஒரு வங்கியில் கம்ப்யூட்டர் வேலை. பக்கத்து ஜர்னல் ஸ்கொயர் ஸ்டேஷனில் ஒரு டாலர் கொடுத்து ரயில் ஏறினால் கால் மணி நேரத்தில் ஆற்றுக்கு அக்கரை. அவன் மனைவி கவிதா பகலில் ஏதோ கோர்ஸ் படிக்கப் போகிறாள். இருவரும் கிளம்பிய பிறகு மூன்றாம் மாடியில் நானும் ஹீட்டரும்தான்.

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்குக் கவிதா சமையலறை மூலையைக் காட்டினாள். “மாமா, முக்கோணமா மூணு அம்புக்குறி போட்டிருந்தா நீலப் பெட்டி. ரீசைக்கிள் பண்ண எடுத்துட்டுப் போவாங்க. குறி இல்லேன்னா குப்பை. அவ்வளவுதானுங்க.”

அவ்வளவுதானா? தயிர் டப்பாவைக் கவிழ்த்து, கண்ணாடி போட்டுப் பார்த்தேன். முக்கோணத்துக்குள் ஐந்து என்று எண். பால் கேனில் இரண்டு. இன்னொன்றில் குறி கொசு அளவு.

“நம்பர் எதுக்கும்மா?”

“அது எந்த பிளாஸ்டிக்குனு நம்பருங்க. சிலதை எடுத்துக்குவாங்க, சிலதை எடுக்க மாட்டாங்க. எனக்கே கன்ஃபியூஸ் ஆகுது. குறி இருந்தா போட்டுருங்க மாமா.”

நம் ஊர்ப் பழைய பேப்பர்க்காரர் தட்டிப் பார்த்தே தரம் பிரித்துவிடுவார். நான் அப்படியில்லை. முப்பத்திரண்டு வருடம் தாலுகா ஆபீசில் முத்திரையைப் பார்த்துப் பார்த்தே உத்தியோகம் பண்ணினவன். முத்திரை இருந்தால் கீழ்ப்படிவேன். ஏன் எதற்கு என்று கேட்கிற பழக்கம் இல்லை.

புதன்கிழமை மதியம் இரண்டு மணி. பொழுது போகாமல் சோபா ஓரத்தில் கிடந்த பழைய பத்திரிகைகளையும் கடை விளம்பரங்களையும் ஒழுங்குபடுத்தினேன். அடியில் ஒரு பெரிய பழுப்புக் கவர். அதன் பின்புறம் பச்சை மையில் அதே மூன்று அம்புகள். உள்ளே காகிதம் இருப்பது கைக்குத் தெரிந்தது. ஆனால் அடுத்தவர் கடிதத்தைப் பார்ப்பது அநாகரிகம் அல்லவா? பார்க்காமலே நீலப் பெட்டியில் போட்டேன். மறுநாள் காலை ஏழு மணிக்கு லாரி வந்து அள்ளிக்கொண்டு போனதை ஜன்னலில் நின்று பார்த்தேன். எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்கு ஈரோட்டிலிருந்து போன். அண்ணனுக்கு மாரடைப்பு, ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். முரளி உடனே தனக்கும் எனக்கும் சனிக்கிழமை விமானத்தில் இடம் பிடித்தான். பிறகு தேடத் தொடங்கினான்.

“கவிதா, வக்கீல் அனுப்பின அப்ரூவல் நோட்டீஸ் எங்க? பிரவுன் கவர்.”

“அதுல மூணு அம்பு போட்டிருந்துச்சாப்பா?”

முரளி என்னையே பார்த்தான். “அது பழைய பேப்பர்ல செஞ்ச கவர்னு போட்டிருக்கறதுங்க சித்தப்பா. தூக்கிப் போடச் சொல்லி இல்ல.”

ஒரே குறிக்கு இரண்டு அர்த்தம். எது எந்த அர்த்தம் என்று அதன் பக்கத்தில் நாலு வார்த்தை எழுதியிருந்தால் என்ன? அந்த நோட்டீஸ்தான் அவன் விசாவை நீட்டித்ததற்கு அத்தாட்சி. சென்னை அமெரிக்கத் தூதரகத்தில் அதைக் காட்டி பாஸ்போர்ட்டில் விசா முத்திரை வாங்கினால்தான் திரும்ப அமெரிக்காவுக்குள் விடுவார்கள். நகல் வாங்க மாதக்கணக்கில் ஆகும் என்று வக்கீல் போனில் சொல்லிவிட்டார்.

பத்து மணிக்குக் காரில் நாலு மைல் போய், காகிதம் சேரும் கிடங்கின் வாசலில் நின்றோம். காவலாளி நல்ல மனிதர். வியாழக்கிழமைக் காகிதம் அன்றைக்கே அமுக்கிக் கட்டுக்கட்டாகப் போய்விட்டது என்று வருத்தத்தோடு சொன்னார்.

திரும்பும்போது முரளி ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே பேசினான். “ஊருக்குப் போலாம் சித்தப்பா. ஆனா திரும்பி வர முடியாது. வேலை போயிரும். கவிதா படிப்பு பாதியில நிக்கும்...”

“என்னை ஒரு வார்த்தை திட்டுடா.”

“வேணும்னேவா பண்ணீங்க?” என்றான். அவன் திட்டியிருந்தால் தேவலை.

சனிக்கிழமை மாலை நான் மட்டும் விமானம் ஏறினேன். திங்கட்கிழமை பகல் பதினொரு மணிக்கு ஈரோடு ஆஸ்பத்திரி. அண்ணன் கண் திறந்திருந்தார். என்னைத் தாண்டிக் கதவைப் பார்த்தார். “முரளி?”

சொல்லத்தான் போனேன். வாய் வேறு எதையோ சொன்னது. “லீவு குடுக்கலீங்ணா.”

“வேலைதான் பெருசுன்னு இருந்துட்டான்” என்றார். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். வியாழக்கிழமை போய்விட்டார்.

அண்ணன் சொன்ன அந்த வார்த்தையை நான் இன்னும் முரளியிடம் சொல்லவில்லை. அமெரிக்கா போய்வந்ததை எழுதச் சொல்லி நண்பர்கள் கேட்கிறார்கள். ஆற்றுக்கு அக்கரையில் வானத்தைத் தொடும் கட்டடங்களை எல்லாம் நானும் பார்த்தேன்தான். ஆனால் எழுத உட்கார்ந்தால் இது ஒன்றுதான் வருகிறது: அண்ணா, உங்கள் மகன்மேல் தப்பில்லை. அவனை வரவிடாமல் செய்தவன் நான்.