டிச் பட்டன் அடிக்க வாங்கிய இயந்திரம்

என் மனைவி குழந்தைகளுக்குக் கவுன் தைத்துக் கடைக்குக் கொடுப்பவள். யாங்கூனின் தின்கன்ஜூன் பகுதியில் எங்கள் வீட்டு முன்னறை முழுக்க அவளுடைய துணிகள்தான். கரண்ட் இருந்தால் மோட்டார், இல்லாவிட்டால் கால்மிதி. எனக்கு இரண்டும் பழகிவிட்டது. பழகாதது டிச் பட்டன் அடிக்கும் சத்தம். ஒவ்வொரு கவுனுக்கும் முதுகுப் பக்கம் பட்டன் வைத்து, மேலே ஒரு இரும்புக் குச்சியை நிறுத்தி, சுத்தியலால் ஓங்கித் தட்டுவாள். ஒரு கம்பெனியில் கணக்கு எழுதி ஓய்வு பெற்ற நான் அப்போதுதான் பகல் சோறு தின்று கண் அயர்ந்திருப்பேன்.

அவள் கைவலியைப் பார்க்கச் சகிக்காமல் இயந்திரம் வாங்கப் போனதாகத்தான் எல்லோரிடமும் சொன்னேன். கை வலிப்பதாக அவள் ஒருநாளும் சொன்னதில்லை.

க்யிம்யிண்டைங் படகுத்துறைப் பக்கம் பழைய இரும்புச் சாமான் விற்கும் ஒரு பர்மியப் பெண்ணின் கடையில் அது கிடந்தது. பலகையில் முடுக்க வேண்டிய கனத்த அடிப்பாகம், பக்கத்தில் நீளமான கைப்பிடி, தலையில் வட்டமாக ஒரு இரும்புத் தட்டு. தட்டில் நாலு துளைகள். கைப்பிடியை இழுத்தால் நடுவிலிருக்கும் தண்டு மேலே ஏறியது. விட்டால் தண்டு இறங்கியது. தட்டு தானாகக் கால்வட்டம் திரும்பி, 'கிளிக்' என்று அடுத்த துளையில் வந்து நின்றது. ஒரு டிச் பட்டனுக்கு நாலு துண்டு உண்டு. இங்கே நாலு துளை. இதற்கு மேல் என்ன அத்தாட்சி வேண்டும்?

ஏதோ கப்பலிலிருந்து இறங்கிய சாமான் என்பதைத் தவிர அந்தப் பெண்ணுக்கு அதைப் பற்றி ஒன்றும் தெரியவில்லை. நான்தான் குந்தி உட்கார்ந்து, இது வெளிநாட்டுத் தையல் ஆலைகளில் பட்டன் மாட்டும் இயந்திரம், கிடைப்பது அபூர்வம் என்று பொறுமையாக விளக்கினேன். அவளும் கவனமாகக் கேட்டுக்கொண்டாள். கேட்டுவிட்டு, முதலில் சொன்ன விலையை ஏற்றினாள். அபூர்வம் என்று சொன்ன வாயால் பேரம் பேச முடியாமல் வாங்கி வந்தேன்.

வீட்டில் என் மனைவி அதைச் சுற்றிவந்து பார்த்தாள். "பட்டன் மெஷினுக்கு இம்புட்டு கனம் என்னாத்துக்கு?" என்றாள். நல்ல சாமான் கனமாகத்தான் இருக்கும் என்றேன். அவள் துணி வெட்டும் மேசையின் ஓரத்திலேயே அதை முடுக்கினேன். துளைகளின் அளவுக்குப் போல்ட்டுகள் தேடி, அவற்றின் நுனியை அரத்தால் ராவி, பட்டன் துண்டைப் பிடிக்கும்படி குழி செய்தேன். கணக்கு எழுதிய கைக்கு இப்படியொரு தொழில் வரும் என்று எனக்கே தெரியாது. கையில் கொப்புளம் வந்தபோது பெருமையாக இருந்தது.

முதல் பட்டன் தகடாகிவிட்டது. இரண்டாவது, துணியையும் சேர்த்து நசுக்கி வட்டமாக ஓட்டை போட்டது. பிறகு பலத்தைக் குறைத்து இழுக்கப் பழகினேன். அப்போது பட்டன் சரியாக மாட்டியது போல் தோன்றும். ஆனால் ஒருதரம் மூடினால் மறுபடி திறக்காது. அந்தக் கவுனை மாட்டிய குழந்தை வளர்ந்து பெரியவளாகி, அதைக் கிழித்துக்கொண்டுதான் வெளியே வரவேண்டும். பெருநாளுக்கு ஆர்டர் குவிந்திருந்த சமயம். கெட்டுப்போன கவுன்களை ஒரு மூட்டையாகக் கட்டி வைத்துவிட்டு, என் மனைவி தரையில் உட்கார்ந்து பழையபடி தட்டத் தொடங்கினாள்.

நான் விடவில்லை. உண்மையில் எனக்குப் பட்டன் மறந்தே போயிருந்தது. அந்தக் கைப்பிடியை இழுப்பது எனக்குப் பிடித்திருந்தது. தண்டு ஏறும்போது கையில் ஒரு அழுத்தம் சேரும், இறங்கும்போது தலை திரும்பும், கிளிக். ஒன்றும் வைக்காமலே உட்கார்ந்து இழுத்துக்கொண்டிருப்பேன். யாராவது வந்தால் எண்ணெய் போடுவதாகச் சொல்வேன்.

என் மனைவியின் அண்ணன் ஆஸ்திரேலியாவில் ஒரு சின்ன ஊரில் இருக்கிறார். பிள்ளைகள் வேறு வேறு நகரங்களில். எங்கள் லாத்தா, அதாவது அவருடைய மனைவி, இறந்த பிறகு தனியாள். வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து தங்கையிடம் வீடியோவில் பேசுவார். அப்படி ஒரு வெள்ளிக்கிழமை என் கண்டுபிடிப்பைக் காட்டலாம் என்று போனை இயந்திரத்தின் பக்கம் திருப்பினேன்.

மச்சான் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். பிறகு போனின் ஸ்பீக்கரில், தெருவுக்கே கேட்கும்படி சொன்னார்:

"மாப்ளே, அது துப்பாக்கித் தோட்டா அடைக்கிற பிரஸ்ஸுல்ல? என் ஷெட்டுலயும் ஒண்ணு இருக்குது."

அவருக்கு ஒரே சந்தோஷம். சுட்டு முடித்த பித்தளைக் கூடுகளை எறிந்துவிடாமல் திரும்பப் பயன்படுத்துவதற்கான இயந்திரம் அது என்றும், நாலு துளையிலும் நாலு அச்சு இருக்கும், ஒவ்வோர் இழுப்புக்கும் ஒரு வேலை முடியும் என்றும் விளக்க ஆரம்பித்தார். அந்த ஊரில் தோட்டங்களை நாசம் செய்யும் காட்டுப்பன்றிகளைச் சுட அனுமதி உண்டு, அதற்காக வாங்கினாராம். வெடிமருந்து என்ற சொல் வருவதற்குள் என் மனைவி போனைப் பிடுங்கி அணைத்துவிட்டாள்.

யாங்கூனில் இப்போது இருக்கும் யாருக்கும் அவள் ஏன் போனை அணைத்தாள் என்று விளக்கத் தேவையில்லை. தெருமுனையில் ராணுவத்தினர் பையைத் திறந்து பார்க்கும் காலம். நானோ தோட்டா செய்யும் இயந்திரத்தை ஜன்னலோரம் வைத்து, அக்கம்பக்கத்தாரை அழைத்துக் காட்டி, அதற்குத் தினமும் எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தேன்.

படகுத்துறைக்கே கொண்டுபோய்க் கொடுத்துவிடலாம் என்று மறுநாள் அதை அரிசிச் சாக்கில் கட்டி, சைக்கா என்கிற மிதிவண்டி ரிக்‌ஷாவில் ஏற்றினேன். என்ன இவ்வளவு கனம் என்று சைக்கா மிதிப்பவர் கேட்டார். தேங்காய் துருவி என்றேன். எந்தக் குடும்பத்துக்கு இவ்வளவு பெரிய துருவி என்று அவர் யோசித்துக்கொண்டே மிதித்தார். பெரிய ரோட்டில் மூட்டைகளை இறக்கிச் சோதிப்பது தெரிந்ததும், பணப்பையை மறந்துவிட்டேன் என்று சொல்லித் திருப்பச் சொன்னேன். பணப்பை என் சட்டைப் பையில் துருத்திக்கொண்டிருந்தது. அவரும் அதைப் பார்த்துவிட்டுத்தான் வண்டியைத் திருப்பினார்.

வீட்டில் காலி அரிசி டிரம்மில் அதை இறக்கினேன். கைப்பிடி வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. அதைக் கழற்றலாம் என்று எனக்குத் தோன்றவில்லை. மேலே துண்டைப் போர்த்தினேன். யாரோ டிரம்முக்குள் குந்தி உட்கார்ந்து ஒரு கையை மட்டும் தூக்கிக்கொண்டிருப்பது போல் இருந்தது.

அந்த வாரமே வார்டு ஆபீஸ்காரர் வந்தார். எங்கள் தெரு வீடுகளைக் கவனிக்கும் வயதான பர்மியர். நாங்கள் ஊலே என்று கூப்பிடுவோம். சாக்கடை தூர்வாருவதைப் பற்றிச் சொல்ல வந்தவர். மழையில் வந்ததால் ஈரக்குடையை மாட்ட இடம் தேடினார். துண்டு போர்த்திய கைப்பிடி வசதியாக இருந்தது, மாட்டினார். குடையின் கனத்துக்குக் கைப்பிடி சரிந்தது. டிரம்முக்குள்ளிருந்து கிளிக் என்றது.

ஊலே துண்டை எடுத்தார். குனிந்து பார்த்தார். இது என்ன என்று கேட்டார்.

தேங்காய் துருவி என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அதற்குள் என் மனைவி எழுந்து வந்து பர்மிய பாஷையில் நிதானமாகப் பேசினாள். அது துப்பாக்கித் தோட்டாவுக்கான இயந்திரம் என்று அவளுடைய அண்ணன் சொல்கிறார், எங்களுக்குத் தெரியாது, இவர் பட்டன் அடிக்க வாங்கினார் என்றாள். அவள் அதோடு நிறுத்தவில்லை. மூலையிலிருந்த மூட்டையை இழுத்துவந்து அவிழ்த்து, கவுன்களை ஒவ்வொன்றாக அவர் முன்னால் போட்டாள்.

"பாருங்க ஊலே. பட்டனே ஒழுங்கா அடிக்கத் தெரியாதவர். இவரா தோட்டா செய்வார்?"

ஊலே ஒரு கவுனை எடுத்துப் பட்டனைத் திறக்கப் பார்த்தார். முடியவில்லை. பல்லால் கடித்து இழுத்துப் பார்த்தார். இன்னொன்றை எடுத்து, ஓட்டை வழியாக என்னைப் பார்த்தார். பிறகு தோள் குலுங்கச் சிரிக்க ஆரம்பித்தார். நானும் சிரித்தேன், பயத்தில். என் மானத்தைக் காப்பாற்றிக்கொள்ள நான் படிப்பையும் சர்வீஸையும் சொல்லியிருப்பேன். எங்களைக் காப்பாற்றியது என் கைவேலைதான்.

"கெய்சா மஷிபூ" என்றார், பரவாயில்லை என்று. ஆனால் சிரிப்பு நின்றதும் குரலைத் தாழ்த்தி, வேறு யாரும் கேட்பதற்குள் இதைத் துண்டு துண்டாகக் கழற்றி இரும்புக்குப் போட்டுவிடுங்கள் என்றார். போகும்போது பேத்திக்கென்று ஒரு கவுனைக் கேட்டு வாங்கிக்கொண்டார். திறக்காத பட்டன்தான், தலை வழியாக மாட்டிக்கொள்ளலாம் என்றார்.

கழற்றுவதிலும் நான் தோற்றேன். ஒரு போல்ட் அசையவில்லை. என் மனைவி தையல் மெஷின் எண்ணெயை ஊற்றி, கொஞ்ச நேரம் ஊறவிட்டு, ஸ்பானரை இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பிவிட்டாள். தட்டு ஒரு நாள், தண்டு ஒரு நாள், அடிப்பாகம் ஒரு நாள் என்று தெருவில் வரும் பழைய இரும்பு வண்டிக்குப் போனது. கடைசித் துண்டு போன பிறகு நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். இருந்தது. கூடவே கைக்கு வேலையில்லாதது போலவும் இருந்தது. இதை என் மனைவியிடம் சொல்லவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை மச்சான் கூப்பிட்டபோது குரலில் குற்ற உணர்வு இருந்தது. ஸ்பீக்கரை அணைத்துவிட்டுக் காதோடு வைத்துப் பேசினேன். வீட்டில் எல்லாம் நலமா என்று சுற்றி வளைத்துக் கேட்டார். நலம் என்றேன். இன்னும் பன்றி சுடப் போகிறீர்களா என்று கேட்டேன்.

"எங்க மாப்ளே. உங்க லாத்தா போனதுக்கு அப்புறம் நான் சுடவே போகல. துப்பாக்கியையும் திருப்பிக் குடுத்துட்டேன்" என்றார். "ஷெட்டுல போய் உக்காந்து சும்மா இழுத்துக்கிட்டு இருப்பேன். உள்ள ஒண்ணும் வைக்கிறதில்ல."

நானும் அப்படித்தான் இழுத்துக்கொண்டிருந்தேன் என்று சொன்னேன். அதைச் சொன்னது அவர் ஒருவரிடம்தான். அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. எங்களுடையதை என்ன செய்தோம் என்று கேட்டார். கழற்றி இரும்பு வண்டிக்குப் போட்டுவிட்டதாகச் சொன்னேன்.

"கைப்பிடி நுனில இருக்குற உருண்டை மரமா, பிளாஸ்டிக்கா?" என்று கேட்டார்.

மரம் என்றேன்.

"அப்ப பழைய மாடல்" என்றார் மச்சான். "கைக்கு நல்லா இருந்திருக்கும்."