வேனில் கேட்ட அம்சவேணி கதை

போன மாதம் வேலூரில் ஒரு ஸ்கேன் சென்டரில் காத்திருந்தேன். வயிறு முட்டத் தண்ணீர் குடித்துவிட்டு, பேர் சொல்லிக் கூப்பிடும்வரை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பது எப்பேர்ப்பட்ட தவம் என்று அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். கவனத்தைத் திருப்பச் சுவரிலிருந்த டிவியைப் பார்த்தேன். பழைய சீரியல் ஒன்றை மறுபடியும் போட்டுக்கொண்டிருந்தார்கள். மாடிப்படியில் ஒருத்தி நிற்கிறாள், கீழே ஒருத்தி நிற்கிறாள், இருவர் முகத்துக்கும் மாறி மாறி இடி இடிக்கிறது. மேலே நிற்பவள் அம்சவேணி. அவளைப் பார்த்ததும், ஆஸ்பத்திரி வாசனையையும் மீறி, எனக்கு சொல்யூஷன் வாசனை அடித்தது.

சொல்யூஷன் என்றால் ஷூ கம்பெனியில் தோலை ஒட்டுகிற பசை. பிளஸ் டூ முடித்த கையோடு ஆம்பூர்ப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் சேர்ந்தேன். தையல் மிஷினில் உட்காரவைத்துப் பார்த்தார்கள். நான் தைத்த ஷூ எந்தக் காலுக்கும் பொருந்தாது என்று சூப்பர்வைசருக்கே தெரிந்துவிட்டது. பசை தடவ அனுப்பினார். எத்தனை சோப்புப் போட்டாலும் விரலை விட்டுப் போகாத நெடி அது. சாப்பிடும்போது குழம்பு வாசனைக்கு முன்னால் அதுதான் வரும்.

கம்பெனி வேன் காலையில் ஊர் ஊராக எங்களை அள்ளிக்கொண்டு பாலாற்றுப் பாலத்தைத் தாண்டும். பாலத்தில் ஏறுவதற்குள் கஸ்தூரி அக்கா கதையை ஆரம்பித்துவிடுவாள். எங்களில் பாதிப்பேருக்கு ஓவர்டைம், மீதிப்பேருக்கு வீட்டு வேலை. முந்தின நாள் சீரியலை முழுதாகப் பார்ப்பவள் அவள் ஒருத்திதான். டிரைவருக்குப் பின்னால் முதல் சீட்டில் திரும்பி உட்கார்ந்துகொண்டு, டிபன் பாக்ஸை மடியில் வைத்து, கை இரண்டையும் வீசிச் சொல்வாள்.

கதை இதுதான். அரிசி மண்டி வைத்திருந்த ஒரு குடும்பம். அண்ணன் தேவராஜன், தம்பி கதிரேசன். அண்ணன் மனைவி அம்சவேணி. தம்பி யாரையும் கேட்காமல் மாலினி என்கிற பெண்ணைக் கட்டிக்கொண்டு வந்துவிடுகிறான். அண்ணன் கதவைச் சாத்துகிறான். அதிலிருந்து பகை. அம்சவேணி எந்த ஊரில் பிறந்தாள், அவளை ஏன் படிக்க வைக்கவில்லை, மாலினியின் அம்மா எதனால் தூக்குப் போட்டுக்கொண்டாள் என்று ஒவ்வொருத்திக்கும் பின்கதை உண்டு. சொந்த அத்தையின் கல்யாணம் எங்கே நடந்தது என்று கேட்டால் முழிப்பேன். அம்சவேணியின் ஜாதகத்தையே சொல்லியிருப்பேன் அப்போது.

வேனின் கடைசி சீட்டில், ஜன்னலோரம், சாந்தி என்று ஒருத்தி வருவாள். கஸ்தூரி அக்காவின் ஓரகத்தி. ஒரே ஊர், ஒரே வாசல், நடுவில் ஒரு சுவர். சாந்தி கிறிஸ்தவர் வீட்டுப் பெண். கஸ்தூரியின் கொழுந்தன் ஏழுமலை அவளைக் காதலித்துக் கட்டிக்கொண்டான். அண்ணன் முருகேசன், கஸ்தூரியின் வீட்டுக்காரர், அன்றைக்கே தம்பியோடு பேச்சை விட்டவர். வீட்டின் நடுவே செங்கல் வைத்துச் சுவர் எழுப்பியதும் அவர்தான். அண்ணன் தம்பி இருவருக்கும் தோல் பதனிடுகிற ஒரே டேனரியில்தான் வேலை. அங்கேயும் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்கிப் போவாராம். வீட்டுக்காரர்கள் பேசாததால் பெண்டாட்டிகளும் பேசவில்லை. சாந்தி வீட்டில் டிவி இல்லை.

கஸ்தூரி அக்கா ஏன் அவ்வளவு சத்தமாகக் கதை சொல்கிறாள் என்று எனக்கு ரொம்ப நாள் புரியவில்லை. வேன் சத்தத்துக்காக என்று நினைத்தேன். ஒருமுறை சாந்தி காய்ச்சலில் லீவு போட்டாள். அன்று கஸ்தூரி அக்கா, “இன்னிக்கு இன்னாமோ தொண்ட சரியில்லடி,” என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். சாந்தி திரும்பி வந்த நாளில், விட்ட இடத்திலிருந்து எல்லாவற்றையும் சேர்த்துச் சொன்னாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது.

பிறகு ஒரு நாள் பின்சீட்டிலிருந்து குரல் வந்தது.

“அந்த மூத்தவளுக்கு மனசே எளகாதா?”

வேனே திரும்பிப் பார்த்தது. சாந்தி ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி கேட்டிருந்தாள்.

கஸ்தூரி அக்காவும் யாரையும் பார்க்கவில்லை. டிபன் பாக்ஸ் மூடியைத் திருகிக்கொண்டே, “மூத்தவ எளகி இன்னா பண்றது? மூத்தவன் இல்ல எளகணும்,” என்றாள்.

“எளையவ ஒண்ணும் சண்ட போட வரலியே.”

“தெரியும். அம்சவேணிக்கு அது தெரியும்.”

அதன்பின் அந்த இரண்டு பேரும் அப்படித்தான் பேசிக்கொண்டார்கள். மாலினிக்கு உடம்பு சரியில்லையா என்று கஸ்தூரி அக்கா கேட்பாள். இப்ப தேவலையாம் என்று சாந்தி சொல்வாள். அது சீரியலா, சொந்த வீடா என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை. ஒருநாள் கஸ்தூரி அக்கா ஒரு காட்சி சொன்னாள். அம்சவேணி ஒரு கிண்ணத்தில் கருவாட்டுக் குழம்பு எடுத்துக்கொண்டு மாலினி வீட்டு வாசல்வரை போகிறாள், கதவைத் தட்டாமல் அப்படியே நிற்கிறாள், குழம்பு ஆறிப்போகிறது, திரும்பி வந்துவிடுகிறாள். சாந்தி கடைசி சீட்டில் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். இப்போது அந்த சீரியலை ஃபோனில் தேடி, அந்தப் பகுதியை முழுக்கப் பார்த்துவிட்டேன். அப்படி ஒரு காட்சியே இல்லை. கவுச்சியே புழங்காத அந்த அரிசி மண்டிக்காரர் வீட்டில் கருவாடு எப்படி வரும் என்று எனக்கு அன்றே தோன்றியிருக்க வேண்டும்.

ஒரு மத்தியானம் சூப்பர்வைசர் லைனுக்குள் வந்தார். முகம் வெளுத்திருந்தது. “கஸ்தூரியம்மா, சாந்தியம்மா, ரெண்டு பேரும் வாங்க,” என்றார். அவர்கள் இருவரையும் ஒன்றாக யாரும் கூப்பிட்டதில்லை. அந்த ஒரு வார்த்தையிலேயே இருவருக்கும் தெரிந்துவிட்டது. கஸ்தூரி அக்கா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. அதனால் நானும் போனேன், பசைக் கையோடு.

ஆஸ்பத்திரி வாசலில் டேனரி வாட்ச்மேன்தான் சொன்னார். கழிவுத் தண்ணீர்த் தொட்டியில் அடைப்பு. ஏழுமலையை உள்ளே இறக்கியிருக்கிறார்கள். இறங்கியவன் சத்தம் இல்லை. மேலே நின்றவர்கள் கேஸ் அடித்துவிட்டது என்று பயந்து பின்வாங்கியிருக்கிறார்கள். தோல் சுற்றும் டிரம் பக்கத்திலிருந்து முருகேசன் ஓடிவந்திருக்கிறார்.

“‘ஏழுமல, டேய் ஏழுமல’ன்னு கத்திக்கினே வந்தாரும்மா. நாலு பேரு புடிச்சோம். ஒதறிட்டு எறங்கிட்டாரு.” வாட்ச்மேன் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து வாயில் வைத்துக்கொண்டார். “தம்பிகிட்ட பேசவே மாட்டாரே அந்த ஆளு.”

மேலே எடுக்கும்போது இருவருக்கும் உயிர் இல்லை.

அன்று சாயங்காலம் அந்த வீட்டில் சுவருக்கு இந்தப் பக்கம் ஒரு உடல், அந்தப் பக்கம் ஒரு உடல். துக்கம் கேட்க வந்தவர்கள் இங்கே அழுதுவிட்டு, தெருவழியாகச் சுற்றிப்போய் அங்கே அழுதார்கள். இந்தச் சாவாவது அவர்களைச் சேர்த்துவைக்கும் என்று நான் நினைத்தேன். சீரியல் கேட்டு வளர்ந்த புத்தி. கஸ்தூரி அக்காவின் தம்பி ஜோலார்பேட்டையில் ரயில்வேக்காரர். அவர் சுவரைத் தாண்டிப் போய் சாந்தியின் எதிரில் நின்று கத்தினார்.

“ஒன் புருஷனத் தூக்கப் போயிதான் எங்க மாமா செத்தாரு. ஒன்னக் கட்டிக்கினு வந்த அன்னிக்கே இந்த வூடு நாசமாப் போச்சு.”

 சாந்தி சுவருக்கு அப்பால் கஸ்தூரி அக்கா இருந்த பக்கத்தையே பார்த்தபடி இருந்தாள். கஸ்தூரி அக்கா ஒரு வார்த்தை சொல்வாள் என்று காத்திருந்தாள் என நினைக்கிறேன். கஸ்தூரி அக்கா கணவன் காலைப் பிடித்தபடி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

காரியமெல்லாம் முடிந்து இருவரும் வேலைக்கு வந்தார்கள். வேறு என்ன செய்வார்கள்? முன்சீட்டில் ஒருத்தி, பின்சீட்டில் ஒருத்தி. வேனில் இன்ஜின் சத்தம் மட்டும்தான். அந்தச் சமயத்தில் சீரியலில் தேவராஜனாக நடித்தவர் விலகிவிட்டார். இனி அவருக்குப் பதில் இவர் என்று எழுத்துப் போட்டு வேறொருவரைக் கொண்டுவந்தார்கள். விவரம் தெரியாத புதுப்பெண் ஒருத்தி வேனில் அதைக் கேட்டுவிட்டாள்.

“அக்கா, தேவராஜனா புது ஆளு வந்துட்டாராமே?”

“ஆமாண்டி,” என்றாள் கஸ்தூரி அக்கா. நெடுநாள் கழித்து அவள் குரலைக் கேட்டோம். “புது ஆளு வந்துட்டாரு. அம்சவேணி காப்பி கொண்டாந்து குடுக்கறா. அவரு குடிக்கறாரு. யாரும் ஒண்ணும் கேக்கல. அங்க அப்படி மாத்திக்கலாம். அங்க எல்லாம்...”

“வேணாங்கா,” என்றது பின்சீட்டுக் குரல். “போதுங்கா.”

சாந்தி அவளை அக்கா என்று கூப்பிட்டதை அன்றுதான் கேட்டேன். கஸ்தூரி அக்கா டிபன் பாக்ஸில் நெற்றியை வைத்துக் குலுங்கினாள். சாந்தி எழுந்து, ஓடுகிற வேனில் சீட்டு சீட்டாகப் பிடித்துக்கொண்டு முன்னால் வந்து, பக்கத்தில் உட்கார்ந்தாள். 

கொஞ்ச நாளிலேயே தம்பிக்காரர் வந்து கஸ்தூரி அக்காவை ஜோலார்பேட்டைக்கு அழைத்துப் போய்விட்டார். சாந்தியோடு சகவாசம் கூடாது என்பது அவர் கட்டளை. நானும் கல்யாணமாகி வேலூருக்கு வந்துவிட்டேன்.

ஸ்கேன் சென்டரில் அம்சவேணியைப் பார்த்தபின் மனசு கேட்கவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப்போய் சாந்தியைப் பார்த்தேன். தலை நரைத்திருந்தது. அதே ஊர்தான், ஆனால் வீடு இல்லை. ரோடு அகலப்படுத்தும்போது சுவரோடு சேர்த்து இடித்துவிட்டார்கள். வாடகை வீட்டில் இருக்கிறாள். அந்த டேனரியையும் மூடிவிட்டார்கள். கம்பெனி வேன் இன்னும் ஓடுகிறது. பிள்ளைகள் ஆளுக்கொரு ஒயரைக் காதில் மாட்டிக்கொண்டு தனித்தனியாக எதையோ பார்க்கிறார்களாம்.

கஸ்தூரி அக்காவைப் பற்றிக் கேட்டேன்.

தம்பி டூட்டிக்குப் போகிற மத்தியானங்களில் அவள் ஃபோன் செய்வாளாம். எடுத்ததும், “நேத்து இன்னா ஆச்சு தெரியுமா?” என்று சீரியலை ஆரம்பிப்பாளாம். அப்போது சாந்தி வீட்டிலும் டிவி வந்துவிட்டது. பார்க்காத மாதிரியே கேட்டுக்கொள்வாளாம். சீரியலில் இரண்டு குடும்பமும் ஒன்றாகி, பொங்கல் வைத்து, கதையை முடித்துவிட்டார்கள். அதற்கப்புறம் ஃபோன் குறைந்தது. எடுத்தால் இருவருக்கும் என்ன பேசுவதென்று தெரியவில்லையாம். பிறகு நின்றேபோனது.

“போன வருசம் அக்கா போய்ட்டாங்க,” என்றாள் சாந்தி. “எனக்குச் சொல்லி அனுப்பல. காரியமெல்லாம் முடிஞ்ச பிறகு சந்தையில யாரோ சொன்னாங்க.”

எனக்கு டீ போட எழுந்தவள் அடுப்பைப் பற்றவைக்காமல் நின்றாள்.

“போயிருந்தா உள்ள வுட்டிருக்க மாட்டாங்க. தெரியும். தெருவுல நின்னாவது ஒருவாட்டி பாத்திருப்பேன்.”