ஐந்தாவது ஆள்

இதைச் சொன்னால் சிரிப்பவர்கள் இருக்கிறார்கள். சிரிக்கட்டும். நுவரெலியாவிலிருந்து உடப்புசல்லாவைக்குப் போகிற பாதையில், தேயிலை மலைக்கு நடுவே, தகரக் கூரை போட்ட அந்த வீடு இன்னும் பூட்டித்தான் கிடக்கிறது. கேதீஸ்வரி டீச்சர் தன் வாயால் சொன்னதைத்தான் எழுதுகிறேன். ஒரு நேரத்தைக்கூட நான் மாற்றவில்லை.

1999ஆம் ஆண்டு, யுத்த காலம். உல்லாசப் பயணிகள் வரும் ஏப்ரல் சீசன்.

டீச்சருக்குச் சொந்த ஊர் யாழ்ப்பாணம். தோட்டப் பாடசாலையில் கணக்குப் படிப்பித்தார். கணவருக்கு மட்டக்களப்பில் வேலை. சீசன் பார்க்க வருகிறவர்களுக்கு வீட்டின் இரண்டு அறைகளை விடுவதற்கு அந்த வருடம்தான் முதன்முதலாக அனுமதி எடுத்திருந்தார். அனுமதியோடு விதிகளும் வந்தன. நாலு பேருக்கு மேல் தங்கக் கூடாது. ஒவ்வொருவருடைய பெயரும் அடையாள அட்டை இலக்கமும் விலாசமும் போகும் தேதியும் பதிவில் ஏற வேண்டும். அந்தப் பதிவுத் தாள் தினமும் மாலை ஆறு மணிக்குள் பட்டியலாகப் பொலிஸுக்குப் போக வேண்டும்; கார்பன் பிரதி பதிவிலேயே இருக்கும்.

மற்ற வீட்டுக்காரர்கள் இதையெல்லாம் ஏனோதானோ என்று செய்தார்கள். டீச்சரால் முடியாது. அவருடைய தம்பி ஜெயதீபன் கொழும்பில் ஒரே ஒரு இரவு பதிவில்லாமல் தங்கியதற்கு எட்டு மாதம் உள்ளே இருந்தவன். பதிவு எழுதும்போதெல்லாம் டீச்சருக்குக் கை வியர்க்கும். எழுதிய பெயர்களை விரலால் தொட்டு இரண்டு தரம் எண்ணுவார்.

ஏப்ரல் 17, சனிக்கிழமை. கொழும்பிலிருந்து முத்துலிங்கம் என்பவர் வந்தார். கூடவே மனைவி சர்மிளா, அவளுடைய தாய், தகப்பன். நாலு பேர். நாலு அடையாள அட்டை. எழுதி முடிக்கும்போது பின்னேரம் மூன்று மணி. வெளியே பனிமூட்டம் இறங்கியிருந்தது. கேற் தெரியவில்லை.

3.40. சமையலுக்கு வருகிற ராசம்மா தட்டில் தேத்தண்ணி கொண்டுபோனாள்.

ஐந்து கோப்பை.

"ஆருக்கு ராசம்மா அஞ்சு?"

"வந்தவங்க அஞ்சு பேரு தானுங்களே டீச்சர்?"

"நாலு."

ராசம்மா ஒரு கோப்பையை எடுத்து வைத்துவிட்டுப் போனாள். எண்ணத் தெரியாதவள் என்று டீச்சர் நினைத்துக்கொண்டார். ஆனாலும் பதிவைத் திறந்து பார்த்தார். நாலு பெயர்தான்.

4.10. வாசலில் மோட்டார் சைக்கிள் சத்தம். சுகாதாரப் பரிசோதகர். சிங்களவர், நல்ல மனிதர், ஓரளவு தமிழ் பேசுவார். தண்ணீர்த் தாங்கியைப் பார்த்தார். கழிப்பறையைப் பார்த்தார். இரண்டு அறையும் பார்த்தார். கடைசியாகப் பின்பக்கம் இருக்கிற கண்ணாடி அறைக்குப் போய்த் திரும்பி வந்தார். பதிவை வாங்கிப் படித்தார். முகம் மாறியது.

"மிஸ்... புத்தகத்துல நாலு பேர். வீட்டுல அஞ்சு பேர்."

"இல்லை சேர். நாலு பேர்தான்."

"பின்னால கதிரையில ஒரு பொம்பள உக்காந்திருக்கு. தலை ஈரம். அது யார்?"

டீச்சர் ஓடிப்போய்ப் பார்த்தார். கண்ணாடி அறையில் பிரம்புக் கதிரை ஜன்னலைப் பார்த்தபடி கிடந்தது. யாருமில்லை.

"சேர், ஆருமில்லை..."

பரிசோதகர் அவர் முகத்தையே பார்த்தார். பொய் சொல்கிறார் என்று நினைத்திருப்பார்.

"மிஸ், இந்தக் காலத்துல ஆளை ஒளிச்சு வைக்கிறது பெரிய பிரச்சினை. ஆறு மணிக்கு முன்னால பேரை எழுதிக் குடுங்க. இல்லாட்டி நான் ரிப்போட் எழுதணும்."

மோட்டார் சைக்கிள் பனிக்குள் போய்விட்டது.

டீச்சரால் நிற்க முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. முத்துலிங்கத்தின் அறைக் கதவைத் தட்டினார்.

"உங்களோட வேற ஆரும் வந்தவையே?"

"இல்லையே."

"பின்னுக்கு ஒரு பொம்பிளை இருக்கிறா எண்டு..."

"ஓ, அவவா?" முத்துலிங்கம் சாதாரணமாகச் சொன்னார். "நாங்கள் வரேக்கையே அதிலதானே இருந்தவ. உங்கட வீட்டு ஆள் எண்டு நினைச்சம்."

உள்ளேயிருந்து சர்மிளா எட்டிப் பார்த்தாள். "நான் கதைச்சும் பாத்தன் அக்கா. திரும்பிக்கூடப் பாக்கேல்ல."

5.05.

வீட்டில் எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். டீச்சரைத் தவிர.

அவர் பதிவையும் பேனையையும் எடுத்துக்கொண்டார். ராசம்மாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கண்ணாடி அறைக்குப் போனார். பிரம்புக் கதிரை வெறுமையாக இருந்தது. அடியில் தரை ஈரமாக இருந்தது.

"ராசம்மா, உண்மையைச் சொல்லு. இதில ஆரும் இருக்கினமா?"

"என்னங்க டீச்சர்... இந்தா இருக்காங்களே."

"எனக்குத் தெரியேல்ல."

ராசம்மா முதலில் சிரித்தாள். டீச்சரின் முகத்தைப் பார்த்தாள். சிரிப்பு நின்றது.

ஓடிவிடலாம். ஆனால் ஆறு மணிக்குப் பட்டியல் போக வேண்டும். தம்பியின் முகம் கண்முன் வந்தது. டீச்சர் வெறும் கதிரையைப் பார்த்துக் கேட்டார்.

"உங்கட பேர்?"

கூரையில் பனி சொட்டுகிற சத்தம் மட்டும். டொக்... டொக்...

ராசம்மா கதிரைப் பக்கம் குனிந்தாள்.

"பேச்சியம்மா... ன்றாங்க."

எழுதினார்.

"அடையாள அட்டை?"

"இல்லையாம்."

எழுதினார்.

"விலாசம்?"

ராசம்மா காதைத் தீட்டிக் கேட்டாள். அவள் கண்ணில் தண்ணீர் நின்றது.

"இந்த வீடுதானாம் டீச்சர்..."

கதிரை கிறீச்சிட்டது.

"எந்திரிச்சிட்டாங்க."

"எங்க போறா?"

ராசம்மா டீச்சரைத் தாண்டிப் பார்த்தாள்.

"எங்க ராசம்மா?"

"உங்க தோளுக்குப் பின்னால... நீங்க எழுதுனத பாக்குறாங்க..."

கழுத்தில் குளிர்.

தாளில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தது.

பேச்சியம்மா என்ற எழுத்து மெதுவாகக் கரைந்தது.

5.25.

ராசம்மா அலறிக்கொண்டு ஓடினாள். முத்துலிங்கம் குடும்பம் பெட்டியைக்கூடச் சரியாகப் பூட்டாமல் தாங்கள் வந்த வான் வண்டியில் ஏறியது. அவர்களோடு, பதிவை அணைத்துக்கொண்டு டீச்சரும் ஏறினார். ஆறுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது பொலிஸ் மேசையில் பட்டியலை வைத்தார். வீட்டுக்குப் போகவில்லை. ஒரு சக ஆசிரியை வீட்டில் தங்கிக்கொண்டார்.

ஒரு கிழமை கழித்துப் பொலிஸிலிருந்து ஆள் வந்தது. டீச்சர் போனார். சார்ஜன்ட் மரியாதையாக உட்காரச் சொன்னார்.

"மிஸ், இந்தப் பேச்சியம்மாவுக்கு ஐடென்டி இல்லை. ஒரு நாள் ரெண்டு நாள் எண்டா பரவாயில்ல. இவ்வளவு நாள் வச்சிருக்க ஏலாது."

"ஒரு நாள்தானே சேர் எழுதினனான்."

சார்ஜன்ட் ஒரு ஃபைலைத் திறந்து அவர் பக்கம் திருப்பினார். டீச்சர் கொடுத்த பட்டியல்கள். ஏப்ரல் முதலாம் தேதியிலிருந்து பதினேழு தாள்.

ஒவ்வொரு தாளிலும், வந்தவர்களின் பெயர்களுக்கு மேலே, முதல் வரியில் பேச்சியம்மா. அடையாள அட்டை: இல்லை. விலாசம்: இதே வீடு. அத்தனையும் டீச்சருடைய கையெழுத்து. அவருடைய 'சி'யின் சுழிகூட அப்படியே.

டீச்சரிடம் இருந்த கார்பன் பிரதிகளில் அந்த வரி இல்லை. பதினேழாம் தேதியைத் தவிர ஒன்றிலும் இல்லை.

தாள்களைப் புரட்டிக்கொண்டே சார்ஜன்ட் கேட்டார்.

"எல்லாருக்கும் போற தேதி எழுதியிருக்கு மிஸ். இந்த ஆளுக்கு மட்டும் எழுதல்ல. எப்ப போறா?"