அங்கீகரிக்கப்பட்ட பூட்டு

காப்புறுதிப் பத்திரத்தின் ஒன்பதாம் நிபந்தனைப்படி, வாகனத்தில் கம்பெனி அங்கீகரித்த திருட்டுத் தடுப்புச் சாதனம் பொருத்தியிருக்க வேண்டும். எது அங்கீகரிக்கப்பட்டது என்று எழுத்தில் கேட்பவருக்குப் பதினான்கு நாட்களுக்குள் எழுத்தில் பதில் தரப்படும். மூன்று மொழிகளிலும் அச்சிட்டிருந்தார்கள். வழக்கத்துக்கு மாறாகத் தமிழில் ஓர் எழுத்துப் பிழைகூட இல்லை. அப்போதே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

தொண்ணூறுகளின் பிற்பகுதி அது. தோட்டக் காரியாலயத்தில் பெரிய கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்று, பதுளையில் குடியிருந்தேன். ஸ்பிரிங்வெளித் தோட்டத்தில் தொழிலாளர் லயத்து வீட்டில் இருந்த என் மனைவியின் தம்பி பழைய வேன் ஒன்று வாங்கியிருந்தான். பிரசவ வலி கண்டவர்களையும் சந்தைக்குப் போகிறவர்களையும் டவுனுக்கு ஏற்றிவந்தான். "இனிமே விடியக்காலைல வேலைக்குப் பேர் குடுக்க பெரட்டுல போய் நிக்க மாட்டேன் மச்சான்" என்று பத்திரத்தை என்னிடம் நீட்டினான்.

இருவரும் பஜாருக்குப் போனோம். எல்லோரும் நானா என்று கூப்பிடும் உதிரிப்பாகக் கடைக்காரர், ஸ்டியரிங்கையும் பெடலையும் சேர்த்துப் பூட்டும் இரும்புத் தடியையும், கதவைத் தொட்டால் அலறும் அலாரம் ஒன்றையும் மேசையில் வைத்தார்.

"நானா, இது கம்பெனி அங்கீகரிச்சதுன்னு எழுத்துல ஏதாவது இருக்கா?" என்று கேட்டேன்.

"கள்ளன் அதெல்லாம் வாசிச்சுப் பாத்துட்டா ஐயா வரப்போறான்?"

மச்சினன் சிரித்தான். நான் சிரிக்கவில்லை. முதலில் எழுதிக் கேட்போம், பதில் வந்த பிறகு பொருத்துவோம் என்றேன்.

"அதுவரைக்கும் இந்தத் தடிய மட்டுமாவது போட்டு வைப்போமே, மச்சான்."

"அங்கீகாரம் இல்லாதத மாட்டினா, இருக்கிற உரிமையும் போயிடும்."

அப்படியொரு நிபந்தனை பத்திரத்தில் எங்குமே இல்லை. அது எங்கள் காரியாலயத்துப் பழக்கம். அனுமதி வருமுன் குண்டூசி வாங்கினாலும் அங்கே குற்றம். முப்பது வருஷம் அந்தப் பழக்கத்தில் இருந்தவன் சொன்னதை அவன் சட்டம் என்று நம்பினான். நானும் நம்பினேன்.

கடிதத்துக்கு இலக்கமிட்டு, கார்பன் பிரதி எடுத்து, பதிவுத் தபாலில் அனுப்பினேன். பதினைந்தாம் நாள் ஒரு நினைவூட்டல். பிறகு, முதல் நினைவூட்டலின் பிரதியை இணைத்து இரண்டாவது நினைவூட்டல்.

லயத்துக்கு வேன் இறங்காது. மேலே கோயிலடியில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டுத்தான் வருவான். ஆறாம் வாரம் ஒரு காலையில் கல் இரண்டும்தான் இருந்தன.

யுத்தம் நடந்த அந்த நாட்களில் தமிழன் ஒருவனின் வேன் காணாமல் போனால், யார் எடுத்தது என்று பொலிஸில் கேட்க மாட்டார்கள். யாருக்குக் கொடுத்தாய் என்றுதான் கேட்பார்கள். மச்சினனை மூன்று நாள் வைத்துக் கேட்டார்கள். நான் கடிதக் கோப்போடு போனேன். ஏன் ஒரு பூட்டுக்கூடப் போடவில்லை என்றார் அதிகாரி. பதிலுக்காகக் காத்திருந்தோம் என்று சுத்தமான சிங்களத்தில் சொன்னேன். அவர் கோப்பைத் திறக்காமலே திருப்பித் தந்தார்.

நட்டஈட்டு விண்ணப்பத்துக்கு மட்டும் ஒன்பதே நாளில் பதில் வந்தது: அங்கீகரிக்கப்பட்ட சாதனம் இல்லாததால் நிராகரிக்கப்படுகிறது. அந்தப் பிரிவில் யாரோ சுறுசுறுப்பானவர்.

மச்சினன் மறுபடியும் பெரட்டில் நின்றான். "வாங்க மொதலாளி, வேன எங்க நிப்பாட்டிட்டு வந்தீங்க?" என்றாராம் கங்காணி. இதை அவன் அக்காவிடம்தான் சொன்னான். என்னை அவன் ஒரு வார்த்தை ஏசவில்லை. ஏசியிருந்தால் மன்னிப்பாவது கேட்டிருப்பேன். வழக்கம்போல வந்தான், "நல்லா இருக்கீங்களா மச்சான்" என்றான், தேத்தண்ணீர் குடித்துவிட்டுப் போனான்.

என் முதல் கடிதத்துக்கும் பதில் வராமல் இல்லை. தாமதத்துக்கு வருந்துவதாகவும், பொருத்தமான சாதனத்தைத் தீர்மானிப்பதற்காக வாகனத்தை நேரில் கொண்டுவருமாறும் எழுதியிருந்தார்கள். கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டேன். வேன் போய்ப் பத்து மாதம் ஆகியிருந்தது. வெசாக் விடுமுறை முடிந்து தபால் கந்தோர் திறந்த முதல் நாள், செவ்வாய்க்கிழமை என்று கோப்பில் குறித்துக்கொண்டேன்.