ஆகாய மார்க்கமாகப் போன கருவாடு

காரைக்காலுக்கும் ஒரு விமானக் கம்பெனி இருந்தது என்று சொன்னால் இப்போது யாரும் நம்புவதில்லை. நம்பாமல் இருப்பதே உடம்புக்கு நல்லது. எண்பதுகளின் தொடக்கத்தில் ஒன்றரை வருஷம் அது பறந்தது. டிக்கெட் கவுண்டர், சாமான் பிரிவு, ஓடுபாதையில் ஆடு விரட்டும் இலாகா எல்லாம் நான் ஒருத்தன்தான்.

முதலாளி பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கிய சிப்பாய், எங்கள் ஊர்ப் பேச்சில் சொல்தா. அங்கே அவர் துப்பாக்கியைவிடக் கரண்டியைத்தான் அதிகம் பிடித்தார் என்று ஊரில் பேச்சு. போலகம் பக்கம் கருவேல முள்ளை வெட்டி ஓடுபாதை போட்டார். எட்டுப் பேர் உட்காரும் பழைய விமானம் ஒன்றைப் பிடித்தார். மெட்ராஸுக்கு ஒரு மணி நேரம். பாதிரியார் வந்து தீர்த்தம் தெளித்தார். மறுவாரம் அம்பகரத்தூர் அம்மன் குங்குமமும் அதன் மூக்கில் ஏறியது. யாரையும் பகைத்துக்கொள்ள வேண்டாம் பாருங்கள்.

ஏறியவர்களில் பாதிப் பேர் பிரான்சுக்குப் போகிறவர்கள். எங்கள் ஊரில் ஒருவர் பிரான்சுக்குப் போனால் அவர் மட்டும் போக முடியாது. அங்கே பிள்ளை இருக்கிற ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு பார்சல் வரும். கருவாடு, வடகம், மிளகாய்த்தூள். மாட்டேன் என்றால் அவர் வீட்டு நல்லது கெட்டதுக்கு ஒரு ஈ காக்கா எட்டிப் பார்க்காது. ரயிலுக்கு இதெல்லாம் பொருட்டில்லை. விமானத்துக்கு எடை உண்டே! நெல் மண்டித் தராசு ஒன்றைக் கொண்டுவந்து ஆளையும் மூட்டையையும் நிறுத்தேன். எடை கூடினாலும் படிவத்தில் எல்லாருக்கும் அளவுக்குள் இருக்கும் ஒரே எடையைத்தான் எழுதுவேன்.

"ரெண்டு கிலோ கருவாட்டுக்கா ப்ளேன் வுழுந்துரப் போவுது?" என்பார் முதலாளி.

என் அக்காவுக்குக் கல்யாணமாகி மூன்று வருஷம். இருபதாம் நாளே அத்தான் பிரான்சுக்குப் போய்விட்டார். அவள் விசாவுக்காக மூன்று வருஷம் காத்திருந்தாள். கடைசியில் வந்த விசாவும் கெடுவோடு வந்தது. அந்தத் தேதிக்குள் பிரான்சில் இறங்காவிட்டால் செல்லாது. "ரெண்டு நாள் முன்னாடியே ரயில்ல போயிடறேன்டா" என்றாள். நான் விடுவேனா? விமானக் கம்பெனி உத்தியோகஸ்தனின் அக்கா ரயிலில் போவதாவது! கெடுவுக்கு முதல் நாள் காலை விமானத்தில் சீட்டுப் போட்டேன். சாயங்காலம் மெட்ராஸில் பம்பாய் விமானம், அங்கிருந்து பாரிஸ்.

அன்றைக்குத்தானா முதலாளியின் மைத்துனரும் பிரான்சுக்குக் கிளம்ப வேண்டும்? அவரோடு ஒன்பது மூட்டை. எல்லாரும் ஏறி உட்கார்ந்த பிறகு விமானி சக்கரத்தைக் குனிந்து பார்த்தார். சாமானோ ஆளோ, ஏதாவது ஒன்று இறங்காமல் வண்டியை எடுக்க மாட்டேன் என்றார்.

முதலாளி என்னைத் தனியே அழைத்தார். "தம்பி, மச்சான் சாமான்ல கைவெக்க முடியாதுப்பா. எல்லாம் பெரிய மனுசங்க வூட்டுப் பார்சல். யாரையாச்சும் ஒருத்தர எறக்கு. மத்தியானம் ப்ளேன் திரும்பி வரும்ல, அதுல அனுப்பிக்கலாம்."

உள்ளே ஒரு டாக்டர், ஒரு வக்கீல், மைத்துனர், இன்னும் நாலு பேர். யாரை இறக்கினாலும் என் வேலை போய்விடும். சத்தம் போடாத ஆள் ஒருத்திதான்.

"அக்கா, நீ எறங்கிக்க. மத்தியானம் அனுப்பிடறேன்."

"நெசமாத்தானே?"

"நெசமாத்தான்."

அவள் இறங்கினாள். பெட்டியையும் இறக்கினேன். அத்தானுக்கு அம்மா கட்டிக்கொடுத்த கருவாட்டுப் பார்சல் மட்டும் மைத்துனரின் மூட்டைகளோடு கலந்து உள்ளேயே போய்விட்டது.

மத்தியானம் விமானம் வரவில்லை. பாரம் தாங்காமல் மெட்ராஸில் இறங்கும்போது சக்கரம் வெடித்துவிட்டது. யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை, கருவாட்டுக்கும்தான். பொழுது சாயும்வரை அக்கா தகரக் கொட்டகையில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு வடக்கே பார்த்தபடி இருந்தாள். நான் அவள் பக்கமே போகவில்லை. பயமாக இருந்தது.

அதிகாரிகள் வந்தார்கள். ஒன்றரை வருஷமாக நான் எழுதிய படிவங்களைப் புரட்டினார்கள். காரைக்கால்காரர்கள் எல்லாரும் ஒரே எடை இருக்கும் அதிசயத்தை மெச்சிவிட்டு லைசென்ஸை ரத்து செய்தார்கள். விமானம் திரும்பி வரவே இல்லை. முதலாளி மறுபடி பென்ஷனோடு ஒதுங்கினார்.

அத்தானிடமிருந்து கடிதம் வந்தது. கருவாடு நல்லபடியாக வந்து சேர்ந்ததாம், வாசனைகூடப் போகவில்லையாம். ஆள் ஏன் வரவில்லை என்று கேட்டிருந்தார். விசாவுக்கு மறுபடி எழுதிப் போட்டோம். அது வருவதற்குள் அத்தானின் கடிதங்கள் குறைந்தன, பிறகு நின்றுபோயின. அங்கே அவருக்கு வேறொரு குடும்பம் ஆகிவிட்டதென்று லீவில் வந்த ஒருவர் சொன்னார்.

வழியனுப்ப வந்த கூட்டத்தோடு அம்மா அன்று பேச்சு காதில் விழாத தூரத்தில், ஓடுபாதை ஓரம் கட்டிய கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தாள். முதலாளிதான் தன் மகளை இறக்கிவிட்டார் என்று சாகும்வரை அவரைச் சபித்துக்கொண்டிருந்தாள். அவள் சபிக்கும்போதெல்லாம் அக்கா என்னை ஒருமுறை பார்ப்பாள். ஆனால் இறங்கச் சொன்னது யார் என்று அம்மாவிடம் ஒரு நாளும் சொன்னதில்லை.